ஒரு பிரதி வாங்கி நாற்பது நகல் எடுக்கலாமா?

இசைத்தாளை, அதாவது ஸ்வரங்களைக் குறிகளாக அச்சிட்ட தாளை, ஜெராக்ஸ் எடுக்கும்போது முதலில் காணாமல் போவது அடிவரிதான். அச்சிட்ட இசைத்தாள்கள் பல, ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரியவை. 9 அங்குல அகலம், 12 அங்குல உயரம் என்பது பரவலான அளவு. அதை ஏ4 அளவில் நகல் எடுத்தால் ஏதாவது ஓர் ஓரம் வெட்டுப்படும். தலைப்பு தெரிய வேண்டும், இடப்பக்கத்துக் குறிகள் தெரிய வேண்டும் என்று தாளை நகர்த்தி நகர்த்தி வைப்போம். கடைசியில் வெளியே தள்ளப்படுவது முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஒற்றை வரி: வட்டத்துக்குள் ஒரு 'சி', ஓர் ஆண்டு, ஒன்றிரண்டு பெயர்கள், அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை என்ற அறிவிப்பு.

நான் பாடிய ஒரு பாடற்குழுவில் பல வருடம் அப்படிப்பட்ட நகல்களை வைத்துத்தான் பாடினோம். ஒருமுறை நிகழ்ச்சி நிரலில் ஒரு பாட்டை அரேஞ்ச் செய்தவரின், அதாவது அதைக் குழு பாடும்படி பல குரல்களுக்குப் பிரித்து எழுதியவரின், பெயரைப் போட வேண்டி வந்தது. நாற்பது நகல்களில் ஒன்றில்கூட அந்தப் பெயர் இல்லை. நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்து, மூலப் பிரதி யாரிடம் போனது என்றே தெரியாத நிலை. கடைசியில் பாட்டின் பெயரை மட்டும் அச்சிட்டோம். நான்கு குரல்களைப் பின்னி எழுதிய மனிதருக்கு நாங்கள் பணமும் கொடுக்கவில்லை, பெயரும் கொடுக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. இந்த விதிகளை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

"காசு கொடுத்து வாங்கிய தாள்தானே, என் தாளை நான் நகல் எடுத்தால் என்ன?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நியாயமான குழப்பம்தான். தாள் உங்களுடையது. அதை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் வாசித்துப் பழகலாம், பென்சிலால் விரல் எண் எழுதலாம், நண்பருக்குக் கொடுத்துவிடலாம், பழையதாக விற்கலாம். தாளோடு சேர்ந்து கைமாறாதது ஒன்று உண்டு: அதைப் போல இன்னொன்றை உண்டாக்கும் உரிமை. அது எழுதியவரிடமோ, அவர் எழுதிக் கொடுத்த பதிப்பகத்திடமோ இருக்கிறது.

தாள் வேறு, படியெடுக்கும் உரிமை வேறு என்ற இந்த வேறுபாடு இன்று நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த சட்டம் புத்தகங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. இசைக் குறிகள் புத்தகத்தில் சேருமா என்பது தீராத கேள்வியாகவே இருந்தது. லண்டனில் வாழ்ந்த யோஹான் கிறிஸ்டியான் பாக், அதாவது புகழ்பெற்ற இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியான் பாக்கின் கடைசி மகன், தன் இசையை அனுமதியில்லாமல் அச்சிட்ட பதிப்பகத்தின்மேல் வழக்குப் போட்டார். 1777இல் தீர்ப்புச் சொன்ன மான்ஸ்ஃபீல்டு பிரபு, குறிகளால் எழுதப்படும் இசையும் எழுத்துதான், அதற்கும் சட்டம் பொருந்தும் என்றார். கூடவே ஒரு விளக்கமும் தந்தார். வாங்கியவர் அதை வாசித்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் பிரதிகளைப் பெருக்கி, எழுதியவருக்குச் சேர வேண்டிய லாபத்தைப் பறிக்க அவருக்கு உரிமை இல்லை. ஏறக்குறைய இருநூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் இசைத்தாள் பற்றிய சட்டங்கள் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

சரி, புத்தகத்தில் நாலு பக்கம் நகல் எடுத்தால் பெரிதாக யாரும் கேட்பதில்லையே, இசைத்தாளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? யோசித்துப் பார்த்தால் இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஒரு நாவலை ஒருவர் வாங்கினால் வீட்டில் பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகப் படிக்கலாம். சேர்ந்து பாடும்போது அது நடக்காது. நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் கையில் தாள் வேண்டும். அந்த நாற்பது தாள்தான் அந்தப் படைப்பின் சந்தையே. பாடற்குழுவுக்கான நான்கு பக்க இசையைச் சும்மா படித்து ரசிக்க யாரும் வாங்குவதில்லை, பாடப்போகிறவர்கள்தான் வாங்குவார்கள். அவர்கள் ஒன்று வாங்கி மீதியை நகல் எடுத்துக்கொண்டால், விற்றிருக்க வேண்டிய நாற்பதில் முப்பத்தொன்பது போய்விடுகிறது. அப்புறம், நான்கு பக்கம் என்பது இங்கே முழுப் படைப்பு. 'கொஞ்சம்தான் எடுத்தேன்' என்று சொல்ல இடமே இல்லை.

இதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் விலக்குக் கொடுக்கும் சட்டங்கள்கூட இசைத்தாளைத் தனியே பிரித்து வைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுப் பதிப்புரிமை நெறிமுறை, உரிமையாளருக்கு நியாயமான ஈடு கிடைத்தால் காகித நகலுக்கு விலக்குத் தரலாம் என்று உறுப்பு நாடுகளுக்கு அனுமதி கொடுக்கிறது. அதே வாக்கியத்தில் 'இசைத்தாள் நீங்கலாக' என்று சேர்த்திருக்கிறார்கள். ஒரு தொடர்தான், ஆனால் கண்டம் முழுவதும் உள்ள பாடற்குழுக்களைத் தொடும் தொடர்.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, இசைக் குறியீட்டைச் சொந்தப் பயனுக்கு நகல் எடுப்பதற்குக்கூட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். திறந்திருக்கும் மிகச் சில வாசல்களில் ஒன்று: கையால் எழுதி எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை படித்தபோது எனக்கு இது விநோதமாகப் பட்டது. யோசித்தால் பொருள் புரிகிறது. கையால் எழுதுபவர் ஒரு நாளில் எத்தனை பிரதி எழுதிவிட முடியும்? சட்டம் அஞ்சியது இயந்திரத்தின் வேகத்துக்குத்தான். தவிர, ஒரு பகுதியைக் கையால் படியெடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒவ்வொரு குறியையும் தண்டோடும் வாலோடும் வரையும்போது, எங்கே மூச்சு விட வேண்டும், எந்த ஸ்வரம் அடுத்த தாளப் பகுதிக்குள் நீள்கிறது என்பதெல்லாம் கை வழியாக மனதில் ஏறிவிடும். பழைய காலத்து இசைக்கலைஞர்கள் பலர் இப்படிப் படியெடுத்தே கற்றார்கள். ஆனால் இந்தச் சலுகை எல்லா நாட்டிலும் இல்லை. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை, படியெடுக்கும் உரிமை 'எந்த முறையிலும் எந்த வடிவிலும்' படைப்பாளிக்கு உரியது என்கிறது. கணினியில் இசைக்குறி மென்பொருளைத் திறந்து ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டச்சு செய்தாலும் அது படியெடுப்பதுதான்.

ஜெர்மனியில் இதைப் பொதுமக்கள் உணர்ந்தது 2010 கடைசியில். குழந்தைகள் காப்பகங்களில் பாட்டுத்தாள் நகல் எடுப்பதற்கு உரிமம் வாங்க வேண்டும் என்று, இசைப் பதிப்பாளர்களின் கூட்டமைப்புக்காக கெமா என்ற உரிமத் தொகை வசூல் அமைப்பு கடிதம் அனுப்பியது. 500 நகல் வரைக்கும் 56 யூரோ. குழந்தை பாடுவதற்கா காசு என்று பெரிய கூச்சல் எழுந்தது. பாடுவதற்கு யாரும் காசு கேட்கவில்லை. தாளைப் பெருக்குவதற்குத்தான் கேட்டார்கள். ஆனாலும் அந்தக் கோபத்தைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதி சரியாக இருந்தாலும், அதைச் சொல்லிக்கொடுக்காமல் நேரே கட்டணச் சீட்டை நீட்டினால் மனிதர்கள் இப்படித்தான் எதிர்கொள்வார்கள். அப்போது ஒரு தன்னார்வ அமைப்பு செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பாதுகாப்புக் காலம் முடிந்த பழைய பாடல்களைத் திரட்டி, யாரும் நகல் எடுக்கலாம் என்று ஒரு பாட்டுப் புத்தகமாக அச்சிட்டுக் காப்பகங்களுக்கு இலவசமாக அனுப்பியது.

அமெரிக்காவில் இந்த விஷயம் அடிக்கடி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1962இல் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு எனக்கு மறக்க முடியாதது. பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியர், தன் பாடற்குழுவுக்கு ஏற்றபடி ஒரு பக்திப் பாட்டை மாற்றி அரேஞ்ச் செய்து, பள்ளியின் நகல் இயந்திரத்தில் ஏறக்குறைய 48 பிரதி எடுத்தார். மாணவர்கள் பாடினார்கள். சில வருடம் கழித்து அவரே உரிமையாளருக்குக் கடிதம் எழுதி, நான் இப்படி ஓர் அரேஞ்ச்மென்ட் செய்திருக்கிறேன், வேண்டுமா என்று கேட்டார். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. லாபமும் அவர் பார்க்கவில்லை. கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம், முழுப் பாட்டையும் எடுத்திருக்கிறார், நல்ல எண்ணம் இருந்தாலும் மீறல் மீறல்தான் என்று தீர்ப்பை மாற்றியது. 'நாங்கள் காசு வாங்கவில்லையே, இலவச நிகழ்ச்சிதானே' என்ற வாதம் நகல் விஷயத்தில் ஏன் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1976இல் அங்கே புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தபோது, இசை ஆசிரியர்களின் அமைப்புகளும் பதிப்பாளர்களும் உட்கார்ந்து பேசி ஒரு வழிகாட்டுதலை எழுதினார்கள். அது சட்டம் அல்ல, ஆனால் நடைமுறையில் இன்றும் அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நிகழ்ச்சி நெருங்கிவிட்டது, வாங்கிய பிரதி எந்தக் காரணத்தாலோ கைவசம் இல்லை என்றால் அவசரத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உரிய காலத்தில் அதற்குப் பதில் அச்சுப் பிரதி வாங்கிவிட வேண்டும். பாடம் நடத்த ஒரு பகுதியை மாணவருக்கு ஒன்றாக எடுக்கலாம், ஆனால் அந்தப் பகுதி தனியே மேடையில் வாசிக்கக்கூடிய முழு அங்கமாக இருக்கக் கூடாது, மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. வாங்கிய பிரதியைக் குழுவின் திறமைக்கு ஏற்ப எளிமையாக்கலாம், படைப்பின் அடிப்படைக் குணம் கெடாமல் இருந்தால். செய்யக் கூடாதவை: பல தாள்களிலிருந்து எடுத்துத் தொகுப்பு உண்டாக்குவது, எழுதித் தீர்க்கும் பயிற்சிப் புத்தகங்களை நகல் எடுப்பது, வாங்குவதற்குப் பதிலாக நகல் எடுப்பது. உரிமை அறிவிப்பு இல்லாமல் நகல் எடுக்கக் கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் குழுவின் நகல்களில் வெட்டுப்பட்டுப் போனது அதுதான்.

பிரிட்டனின் இசைப் பதிப்பாளர் சங்கம் இதே போல ஒரு நடத்தை நெறி வைத்திருக்கிறது. அதில் வாசிப்பவர்களின் கஷ்டம் தெரிந்து எழுதிய ஒரு விதி உண்டு: பக்கம் திருப்புவதற்கான நகல். இரண்டு கையும் ஓயாமல் ஓடும் இடத்தில் பக்கம் முடிந்துவிட்டால் பியானோ வாசிப்பவர் என்ன செய்வார்? அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுப் பிரதி அவரிடம் இருக்க வேண்டும். இங்கே நகல் ஒரு விற்பனையையும் பறிக்கவில்லை. இசைத்தாள் விஷயத்தில் எந்த நகல் சரி, எது தவறு என்று எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த உதாரணத்தைத்தான் எடுத்து வைத்துப் பார்ப்பேன்: இந்த நகலால் யாராவது வாங்க வேண்டிய ஒரு பிரதி வாங்கப்படாமல் போகிறதா?

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம், இசைப் படைப்பு என்றால் அதன் குறியீட்டு வடிவமும் சேர்ந்ததுதான் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதற்கு 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. இந்த விலக்கைத் தாராளமாகப் பொருள் கொள்ளலாம் என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகப் பாடத் தொகுப்புகளின் ஜெராக்ஸ் வழக்கில் காட்டியது. ஆனால் அது பாடத்துக்கு. மேடைக் கச்சேரிக்கு நாற்பது நகல் எடுப்பதைப் பாடம் என்று சொல்லிவிட முடியாது.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. 2013இல் மராக்கேஷில் கையெழுத்தான உடன்படிக்கை, அவர்கள் படிக்கும்படியான வடிவில் பிரதி உண்டாக்க வழி செய்தது. எழுத்து மட்டுமல்ல, குறியீடும் அதில் சேரும், அதனால் பிரெயில் இசைத்தாளுக்கும் பெரிய எழுத்துத் தாளுக்கும் அது பொருந்தும். அதை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா.

இனி, பெரும்பாலோர் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். "மோட்சார்ட் இறந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, அவர் இசையை நகல் எடுத்தால் யார் கேட்பார்கள்?" மோட்சார்ட் கேட்க மாட்டார். ஆனால் கையில் இருக்கும் தாளில் அவர் மட்டும் இல்லை. பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுப் பிழை திருத்திய பதிப்பாசிரியர் இருக்கலாம். விரல் எண்ணும் வில் குறியும் போட்டவர் இருக்கலாம். இசைக்குழுவுக்கு எழுதியதைப் பியானோவுக்கு மாற்றியவர் இருக்கலாம். பக்கத்தை அச்சுக் கோத்த பதிப்பகம் இருக்கிறது. பிரிட்டனில் அந்தப் பக்க அமைப்புக்கு மட்டுமே 25 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. 1726இல் இறந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் டெலலான்டின் இசையை ஓர் இசை அறிஞர் செப்பனிட்டு, வாசிக்கத் தகுந்த பதிப்பாக உருவாக்கினார். அதை வைத்து ஒலிப்பதிவு செய்த நிறுவனம், இசை பாதுகாப்புக் காலம் முடிந்த பொதுச்சொத்துதானே என்று அவருக்கு உரிமத் தொகை தர மறுத்தது. 2005இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த அறிஞரின் உழைப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. நாட்டுப்புறப் பாடல்களுக்கும் இதே கதைதான். மெட்டு எல்லோருக்கும் சொந்தம், அதற்கு நான்கு குரல் எழுதியவரின் அரேஞ்ச்மென்ட் அவருக்குச் சொந்தம்.

காலக் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறும். ரஷ்யாவில் பிறந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1971இல் இறந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இறந்த பிறகு 70 ஆண்டு என்பதால் 2041 முடியும்வரை அவர் இசைக்குப் பாதுகாப்பு. 60 ஆண்டுக் கணக்கு வைத்திருக்கும் இந்தியாவில் 2031 முடியும்வரை. கனடாவில் அப்போது 50 ஆண்டுதான், அதனால் 2022 பிறந்ததுமே அங்கே பொதுச்சொத்து ஆகிவிட்டது. அதே ஆண்டு கடைசியில் கனடாவும் 70க்கு மாறியது, ஆனால் ஏற்கெனவே பொதுவானவை அப்படியே நின்றுவிட்டன. அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்று கணக்கு. ஆகவே அவருடைய 'பெட்ருஷ்கா' என்ற பாலே நடன இசையின் 1911ஆம் ஆண்டு வடிவம் அங்கே யாருக்கும் திறந்திருக்கிறது, 1947இல் அவரே திருத்தி எழுதிய வடிவம் இன்னும் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரே படைப்பு, ஒரே ஆள், தாளின் அடியில் இருக்கும் ஆண்டு மட்டும் வேறு.

இந்த வித்தியாசம்தான் ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்தையும் ஒருமுறை முடக்கியது. கனடாவில் ஒரு மாணவர் 2006இல் தொடங்கிய அந்தத் தளம், பொதுச்சொத்தான இசைத்தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறது. கனடாவின் 50 ஆண்டுக் கணக்கில் சரியாக இருந்த சில தாள்கள் ஐரோப்பாவின் 70 ஆண்டுக் கணக்கில் சரியாக இல்லை. வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகம் சட்டக் கடிதம் அனுப்ப, 2007 அக்டோபரில் தளம் மூடப்பட்டு, 2008 நடுவில் மறுபடி திறந்தது. அங்கிருந்து இறக்கும் தாளை உங்கள் நாட்டுக் கணக்கில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால், நாற்பது என்ன, நானூறு நகல்கூட எடுக்கலாம்.

வாடகைப் பார்ட்டுகள், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிய தாள்கள், பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பெரிய இசைக்குழுப் படைப்புகள் பலவற்றைப் பதிப்பகங்கள் விற்பதே இல்லை, நிகழ்ச்சிக்கு மட்டும் வாடகைக்குத் தருகின்றன. அடுத்த தடவைக்கு ஆகுமே என்று அதை நகல் எடுத்து வைத்துக்கொள்வது பதிப்புரிமையோடு ஒப்பந்தத்தையும் சேர்த்து மீறுவது. பிடிஎஃப் ஆக வாங்குவதிலும் இதே தர்க்கம்: பத்துப் பிரதிக்குப் பணம் கட்டியிருந்தால் பத்து அச்சு, அவ்வளவுதான். நிகழ்ச்சி நடத்த வாங்கிய உரிமம் நகல் எடுக்கும் உரிமம் ஆகாது. இரண்டும் தனித்தனி உரிமை, பல சமயம் தனித்தனி அலுவலகம்.

பல குழுக்களில் புதிதாகப் பொறுப்பேற்பவருக்குக் கிடைப்பது ஓர் அலமாரி நிறைய நகல்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் எரிக்கவும் வேண்டாம், தெரியாத மாதிரி இருந்துவிடவும் வேண்டாம். முதலில் பழைய இசையைத் தனியே எடுத்துவைத்து, எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று பார்க்கலாம். பதிப்பு பாதுகாப்பில் இருந்தால் அதே படைப்பின் பொதுச்சொத்துப் பதிப்பு பெரும்பாலும் கிடைத்துவிடும். அச்சில் இருப்பவற்றை இந்தப் பருவத்தில் பாடப்போகிற பாட்டிலிருந்து தொடங்கி வாங்கலாம். அச்சில் இல்லாதவற்றுக்குப் பதிப்பகத்துக்கு எழுதினால், எத்தனை பிரதி, என்ன நிகழ்ச்சி, எந்த நாள் என்ற மூன்று விவரத்துக்குச் சிறு கட்டணத்தில் நகல் அனுமதி கொடுப்பவர்கள் நிறையப் பேர். அனுமதிக் கடிதத்தை அந்தத் தாள்களோடே வைத்துவிடுவது நல்லது. அடுத்து வருபவருக்குத் தேடும் வேலை மிச்சம்.

எங்கள் குழுவில் அப்படித் தேடத் தொடங்கிப் பல மாதம் கழித்து, ஒரு பதிப்பகத்தின் இணையப் பட்டியலில் அந்த அரேஞ்ச்மென்ட் அகப்பட்டது. முதல் பக்கத்தை மாதிரிக்குக் காட்டியிருந்தார்கள், அடிவரி முழுதாக இருந்தது. ஒரே தடவையில் நாற்பது வாங்கப் பணம் இல்லாததால் முதலில் இருபது வாங்கி, இருவருக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பாடினோம். முதல் ஒத்திகையில் அடிக்குரல் பாடும் பாஸ் குரல்காரர்கள் இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் நின்றுவிட்டார்கள். அங்கே அடிக்கோட்டுக்கும் கீழே, எங்கள் நகலில் இருந்த ஸ்வரத்துக்கு அடியில் ஒட்டி, இன்னொரு ஸ்வரம் இருந்தது. இத்தனை வருடமாக நாங்கள் பாடியே இராத ஸ்வரம் அது.